அடிப்பிடித்த திரி: ஹூக்காவிலிருந்து காயில் வரை ஒரு பழுதின் வரலாறு

2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டமாகப் பிறந்து, அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமாக நிலைபெற்ற மின்-சிகரெட் தடைச் சட்டத்தின் வரையறைப் பகுதி, சொல்லாராய்ச்சியில் ஈடுபடுவோர் ஊன்றிப் படிக்கத்தக்கது. நிகோட்டின் இருப்பினும் இல்லாவிடினும், ஒரு பொருளைச் சூடாக்கி, உள்ளிழுக்கத்தக்க நுண்திவலைகளாக மாற்றும் மின்கருவி எதுவும் மின்-சிகரெட்டே என்கிறது அவ்வரையறை. அதில் அடங்கும் வகைகளை அடுக்கும்போது இ-ஹூக்காவையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. எப்பெயரால் அழைக்கப்பட்டாலும் என்றொரு காப்புத் தொடரும் உடன் வருகிறது. சீனத்தில் உருவாகி உலகெங்கும் பரவிய ஒரு மின்கருவிக்கு வரம்பு வகுக்க முனைந்த இந்தியச் சட்டவாக்கம், நானூறு ஆண்டு பழைய ஒரு சொல்லையும் துணைக்கு அழைக்க நேர்ந்தது.

இதைப் பெயரொற்றுமை என்று மட்டும் கொள்வது போதாது. ஹூக்காவும் வேப் கருவியும் ஒரே சிக்கலுக்கு இருவேறு காலங்கள் கண்ட விடைகள். நுகரப்படும் பொருளைத் தீயில் நேரடியாக எரியவிடாமல் சூட்டை மட்டும் ஊட்டுவதும், எழும் புகையோ ஆவியோ தொண்டையைச் சுடாமல் வாய்க்கு வந்து சேரச் செய்வதுமே அச்சிக்கல். சிக்கல் ஒன்றாயிருப்பதால் பழுதுகளும் ஒன்றாகவே இருக்கின்றன. வேப் கருவியைப் புதிதாகக் கையிலெடுப்பவர் அடிக்கடி எதிர்கொள்ளும் பழுதுகள் ஐந்து: கருகிய சுவை, வாயில் தெறிக்கும் திரவம், கசிவு, மெலிந்த புகை, சில நாட்களிலேயே பிசின் பிடித்துச் சுவை கெடும் காயில். 18ஆம் நூற்றாண்டுக் கல்கத்தாவின் ஹூக்காப் பணியாளர் ஒருவரிடம் இப்பட்டியலைக் காட்டியிருந்தால், மின்சாரத்தைத் தவிர எதுவும் அவருக்குப் புதிதாக இருந்திராது.

ஹூக்கா என்பது அரபியில் சிமிழையும் சிறு பேழையையும் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நீர் நிறைந்த அடிக்கலத்தின் பெயரே முழுக் கருவிக்கும் ஆகிவந்தது. மேற்காசியாவில் அதே கருவிக்கு வழங்கும் நார்கிலே என்ற பெயரோ பாரசீகத்தின் நார்கீல், அதாவது தேங்காய், என்ற சொல்லின் வழி வந்தது. அதற்கு மூலம் சமஸ்கிருத நாரிகேலம். மலையாளத்தின் நாளிகேரமும் இக்குடும்பத்ததே. தேங்காய்ச் சிரட்டையே தொடக்ககால நீர்க்கலம் என்பதற்கு இப்பெயர் சான்று பகர்கிறது. தமிழில் உக்கா என்ற வடிவமும், அதிலிட்டுப் புகைக்கும் வெல்லப்பாகு கலந்த புகையிலைக்குக் குடாக்கு என்ற சொல்லும் வழங்கின. குடாக்கு, வெல்லத்தைக் குறிக்கும் வடஇந்தியச் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர். இந்த வெல்லம் பின்னர் மீண்டும் வரும்.

புகையிலை முகலாய அவைக்குள் நுழைந்த காட்சியை அசத் பேக் தம் குறிப்புகளில் விரிவாகப் பதிந்திருக்கிறார். பீஜப்பூருக்குத் தூது சென்று 1604ஆம் ஆண்டளவில் திரும்பிய அவர், அங்குக் கண்ட புதுப்பொருளான புகையிலையையும், மணிகள் பதித்த நீண்ட குழலொன்றையும், பொன்னாலான தீக்கலத்தையும் அக்பர் முன் வைத்தார். மன்னர் ஓரிரு முறை இழுத்துப் பார்த்தார். அரண்மனை மருத்துவர் தடுத்தார். தம் நூல்களில் இல்லாத, சோதித்தறியாத பொருளை மன்னர் உட்கொள்ளலாகாது என்பது அவர் வாதம். ஐரோப்பியர் அறிவிலிகள் அல்லர், உலகில் எல்லாமே ஒரு காலத்தில் புதியனவாகத்தான் இருந்தன என்பது அசத் பேக்கின் மறுமொழி. அக்பர் அவ்வாதத்தைப் பாராட்டினார். ஆனால் புகைப்பதைத் தொடரவில்லை. அவையோர் தொடர்ந்தனர், வணிகர் விற்கத் தொடங்கினர். மின்-சிகரெட்டைப் பற்றி இன்று நடக்கும் வாதங்களைக் கேட்பவர்க்கு இவ்வுரையாடலின் இரு பக்கங்களும் பழகிய குரல்களாகவே ஒலிக்கும்.

நீர்க்குழலைக் கண்டுபிடித்தவர் அக்பரின் அவை மருத்துவர் ஹக்கீம் அபுல் ஃபத் கீலானி என்ற செய்தி நூலுக்கு நூல் திரும்பச் சொல்லப்படுகிறது. புகையின் நச்சை நீரில் கழுவ அவர் வகுத்த உபாயமே ஹூக்கா என்பது கதை. கீலானி மறைந்தது 1589இல்; அசத் பேக் குழலை அவையில் வைத்தது அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து. அசத் பேக்கின் விவரிப்பில் நீர்க்கலம் எதுவும் இல்லை. 1616 முதல் 1619 வரை இந்தியாவில் இருந்த ஆங்கிலப் பாதிரியார் எட்வர்டு டெர்ரியின் நூலிலோ, சிறு மண்கலத்தில் நீர் நிரப்பி, மேலே புகையிலையும் கங்கும் வைத்து, நாணல் குழலால் இழுக்கும் முறை தெளிவாக விவரிக்கப்படுகிறது. கிடைக்கும் சான்றுகளின் காலவரிசை கீலானி கதைக்குத் துணை நிற்கவில்லை. ஆயினும் அக்கதை அழியவில்லை. கருவியைச் செய்தவர் குயவரோ தச்சரோ அல்லர், ஒரு மருத்துவர் என்று சொல்லும்போது, அக்கருவி நலத்துக்காகவே பிறந்தது என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. 1617இல் ஜஹாங்கீர் புகையிலையைத் தடைசெய்து ஆணையிட்டார். அவ்வாணையை அவரே தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆணையைக் கடந்து ஹூக்கா நிலைபெற்றது. மருத்துவர் கதையும் அதனோடு நிலைபெற்றது.

கருவியின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். உச்சியில் சிலம் எனப்படும் மண்கிண்ணம். அதில் குடாக்கு, குடாக்கின்மேல் தவா எனப்படும் சிறு மண்தட்டு, தட்டின்மேல் தணல். இந்தத் தட்டே நுட்பத்தின் மையம். தணல் நேரடியாகப் புகையிலையைத் தொட்டால் வெல்லப்பாகு அடிப்பிடித்துக் கரியும், புகை கசக்கும். இடையில் தட்டு இருந்தால் பாகு மெல்ல உருகி ஆவியாகும். தணலுக்குக் கரித்தூளைக் கஞ்சிப்பசையோடு பிசைந்து உருட்டி உலர்த்திய குல் என்ற உருண்டைகள் பயன்பட்டன. அவை சீராகவும் நெடுநேரமும் கனன்றன. கீழே இறங்கும் தண்டு நீரில் ஓரங்குல அளவே மூழ்க வேண்டும். நீர் மிகுந்தால் இழுக்கும்போது குமிழியோடு நீரும் குழலில் ஏறி வாய்க்கு வரும். குறைந்தால் புகை சுடும். இணைப்புகளில் சுற்றிய துணி உலர்ந்துவிட்டால் காற்று ஒழுகிப் புகை மெலியும். பாகின் பிசின் தண்டினுள் படிந்தால் எவ்வளவு நல்ல குடாக்கும் பழைய புகையின் நாற்றத்தையே தரும். கருகல், தெறிப்பு, ஒழுகல், மெலிவு, பிசின் என ஐந்தும் இங்கேயே இருக்கின்றன.

இவ்வைந்தையும் தீர்ப்பதற்கென்றே ஒரு தொழில் இருந்தது. ஹூக்காபர்தார் என்ற அப்பணியாளரைப் பற்றி ஹாப்சன்-ஜாப்சன் அகராதி சொல்லும் குறிப்பில் ஒரு மெல்லிய ஏளனம் உண்டு: எசமானின் ஹூக்காவைக் கவனிப்பதே தம் பொழுதனைத்துக்கும் போதுமான வேலை என்று அவர் கருதினாராம். அகராதி செய்தவர்களுக்கு அது சோம்பலாகத் தோன்றியிருக்கலாம். தணலின் சூட்டை நேரத்துக்கு நேரம் மாற்றுவதும், நீரளவைச் சரிபார்ப்பதும், தண்டை நாள்தோறும் கழுவிப் பிசின் அகற்றுவதும், பாகின் பதத்தை அறிந்து கலப்பதும் ஒரு முழுநாள் வேலைதான் என்பதைக் காயில் மாற்றிக் களைத்த எந்த இளைஞரும் ஒப்புக்கொள்வார். 1779இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் தம்பதியர் விடுத்த ஓர் இசைவிருந்து அழைப்பில், விருந்தினர் தத்தம் ஹூக்காபர்தாரைத் தவிர வேறு பணியாளரை அழைத்து வர வேண்டாமென்று கேட்டுக்கொள்ளப்படுகிறது. குடையைப் பிடிப்பவரும் பந்தம் ஏந்துபவரும் இல்லாமல் ஒரு மாலைப்பொழுது கழியும். ஹூக்காவை அறிந்தவர் இல்லாமல் கழியாது.

ஹூக்காவை இழுத்தவர்களின் பெயர்களும் ஓவியங்களும் எஞ்சியுள்ளன. அதைப் பேணியவர்கள் எழுதிய கைநூல் இந்தத் தேடலில் ஒன்றும் முன்நிற்கவில்லை. அவர்களது அறிவு கைவழியாகவே வந்தது. வடஇந்தியச் சிற்றூர்களின் கதை வேறு. அங்கே பணியாளர் இல்லை, ஹூக்கா வட்டத்தில் கைமாறிச் சுற்றும், யார் வாய் எதைத் தொடலாம் என்பதைச் சாதி விதித்தது. ஒருவரைச் சமூகத்திலிருந்து விலக்குவதற்கு இந்தியில் இன்றும் வழங்கும் தொடர், ஹூக்காவையும் தண்ணீரையும் நிறுத்துதல் என்பதே.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஐரோப்பியர் இல்லங்களில் சுருட்டு அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. சுருட்டுக்குப் பணியாளர் வேண்டாம். அதில் பழுதென்று ஒன்றும் பெரிதாக இல்லை. எரியும், அணையும், எறியப்படும். சிகரெட்டின் வெற்றிக்கும் அந்த எளிமை ஒரு காரணம்.

தணலுக்கு மாற்றாக மின்கம்பி வருவதற்கு வேறொரு துறையிலிருந்து வழி திறந்தது. 1906இல் அமெரிக்கர் ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகத்துக்குக் காப்புரிமை பெற்றார். செந்நிறமாகக் கனன்றாலும் விரைவில் அரித்துப்போகாத அக்கம்பியே ரொட்டி வாட்டியிலும் மின்னடுப்பிலும் புகுந்தது; நைக்ரோம் என்ற பெயரில் பள்ளி ஆய்வகங்களுக்கும் வந்தது. இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த காந்தால் பின்னர் சுவீடனில் பிறந்தது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட் 1963இல் விண்ணப்பித்து 1965இல் பெற்ற காப்புரிமை, புகையும் புகையிலையும் அற்ற சிகரெட் ஒன்றை விவரிக்கிறது. அது கடைக்கு வரவில்லை. வேப் என்ற சொல்கூடக் கருவிக்கு முன்பே பிறந்தது: 1983இல் பிரிட்டிஷ் இதழொன்றில், அதுவரை கடைக்கு வராத ஒரு கருவியைக் கற்பனையாக விவரித்த கட்டுரையில் அச்சொல் தோன்றியதை ஆக்ஸ்ஃபோர்டு அகராதியினர் கண்டறிந்தனர். 2014இல் அதையே ஆண்டின் சொல்லாகவும் தேர்ந்தனர். பொருளுக்காகச் சொல் காத்திருந்த அரிய நேர்வு இது.

அந்தப் பொருளை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் சீன மருந்தாளுநர் ஹோன் லிக். 2003இல் அவர் காப்புரிமை கோரிய வடிவம் மீயொலி அதிர்வால் திரவத்தைத் திவலையாக்கியது. பின்வந்த கருவிகள் அம்முறையை விட்டு எளிய காயிலுக்கு மாறின: ஒரு திரி, அதைச் சுற்றியோ அதனுள்ளோ ஒரு கம்பிச் சுருள், திரியை நனைக்கும் திரவம். அகல்விளக்கை அறிந்தவர்க்கு இதில் புதிதாக விளக்க ஒன்றுமில்லை. நுண்புழை ஏற்றத்தால் எண்ணெய் திரியில் ஏறுவதுபோலப் புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் பஞ்சில் ஏறுகின்றன. எண்ணெய் இருக்கும்வரை விளக்குத் திரி மெல்லவே தேயும். வற்றினால் திரியே எரியும்.

கருகிய சுவைக்குக் காரணமும் இதுவே. புரொப்பிலீன் கிளைக்கால் ஏறத்தாழ 188 பாகை செல்சியஸில் கொதிக்கும், கிளிசரின் 290 பாகையில். திரி ஈரமாக இருக்கும்வரை கம்பியின் சூட்டைக் கொதிக்கும் திரவம் எடுத்துக்கொள்வதால் வெப்பநிலை அவ்வெல்லையை வெகுவாகத் தாண்டாது. பாத்திரத்தில் நீர் இருக்கும்வரை அடிப்பிடிக்காமலிருப்பதைப் போல. புதிய காயிலைப் பொருத்தியவுடன், திரவம் பஞ்சின் நடுவரை ஊறும் முன்பே இழுப்பவர் உலர்ந்த பஞ்சைத்தான் எரிக்கிறார். ஆகவேதான் பஞ்சில் சில துளிகள் இட்டு, ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவிடும் வழக்கம் உருவானது. மூச்சு வாங்காமல் அடுத்தடுத்து இழுத்தாலும் ஆவியாகும் விரைவுக்குத் திரி ஈடுகொடுக்காது. கிளிசரின் மிகுந்த கெட்டித் திரவம் சிறு துளைகளினூடே மெல்லவே ஏறும். திறனின் கணக்கும் உண்டு: 3.7 வோல்ட் மின்கலம் 1.8 ஓம் காயிலில் ஏறத்தாழ 7.6 வாட் தரும், 0.5 ஓம் காயிலில் 27 வாட்டைத் தாண்டும். முன்னதன் மென்மையான திரியில் பின்னதன் திறனைச் செலுத்தினால் கருகுவது திண்ணம். ஒருமுறை கருகிய பஞ்சை எத்தனை திரவம் ஊற்றினாலும் மீட்க முடியாது. அடிப்பிடித்த பாலில் புதுப்பாலை ஊற்றி வாடையைப் போக்க முயன்ற எவருக்கும் இது தெரியும்.

தெறிப்பும் களகள ஒலியும் இதன் மறுதலை. திரி கொள்ளும் அளவுக்கு மேல் திரவம் சுருளில் தேங்கினால் அது ஆவியாகாமல் கொதித்துத் துள்ளும். நீர் மிகுந்த ஹூக்கா வாய்க்குள் பொங்குவதும் இதே குற்றம். கசிவுக்கு ரப்பர் வளையமும், இறுக்கிப் பொருத்தாத மரையும், அளவுக்கு மீறி நிரப்புவதும் காரணம்; மெலிந்த புகைக்குத் தேய்ந்த மின்கலமோ அடைபட்ட காற்றுத்துளையோ காரணம். இவை விரைவில் தீர்பவை. பிசின் அவ்வாறன்று. இனிப்புக்காகச் சேர்க்கப்படும் சுக்ரலோஸ் திரவத்தோடு ஆவியாகாமல் கம்பியில் கரும்பாகாகப் படிகிறது. இனிப்பு கூடக் கூடக் காயிலின் ஆயுள் குறைகிறது. குடாக்கின் வெல்லம் தண்டை அடைத்தது. சுக்ரலோஸ் கம்பியை அடைக்கிறது. இனிப்பு இல்லாத புகை விலைபோகாது என்பதை இரு காலங்களும் அறிந்திருந்தன.

காயில் பழுது ஆய்விதழ்களின் விவாதமாக மாறியது 2015இல். அவ்வாண்டு ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த ஒரு மடல், மின்னழுத்தம் 3.3 வோல்ட் ஆக இருந்தபோது தென்படாத ஃபார்மால்டிஹைடு சேர்மங்கள் 5 வோல்ட்டில் மிகுந்து தோன்றியதை அறிவித்தது. கிரேக்க மருத்துவர் கான்ஸ்டன்டினோஸ் ஃபார்சலினோஸும் அவருடன் இணைந்தவர்களும் அவ்வாண்டிலேயே அடிக்ஷன் இதழில் மறுப்புக்குரிய சோதனை முடிவுகளை வெளியிட்டனர். ஆல்டிஹைடுகள் உயர் அளவில் எழுவது வறண்ட இழுப்பில் மட்டுமே. வறண்ட இழுப்பின் கருகல் சுவையை மனிதர் எவரும் தாங்கமாட்டார். இயந்திரத்துக்கு நாக்கு இல்லாததால் அது இழுத்துக்கொண்டே இருக்கும் என்பது அவர்களது வாதத்தின் சாரம். ஒரு வேதியியல் கேள்விக்கு நாக்கு சாட்சியாக அழைக்கப்பட்டது.

இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கருகிய திரியை நாக்கு கண்டுபிடிக்கிறது என்பது உண்மை. கிளிசரின் சிதைவில் எழும் அக்ரோலினின் காரம் தொண்டையைச் சட்டென்று பிடிக்கும். ஆனால் பழகிய நாக்கு அறிவதைப் புதியவரின் நாக்கும் அறியும் என்று கொள்ள இடமில்லை. சிகரெட்டின் காரலுக்குப் பழகியவர் தொடக்கநிலைக் கருகலைக் கருவியின் இயல்பான சுவையென்றே எண்ணக்கூடும். அடர்ந்த இனிப்பும் குளிர்ச்சிச் சுவையும் அதை மூடக்கூடும். நாக்கு அறியவே முடியாதவையும் உள்ளன. ஹூக்காவின் நீர் புகையைக் குளிர்விக்கிறது, காரத்தைத் தணிக்கிறது. தணலிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடை அது நிறுத்துவதில்லை. அவ்வாயுவுக்குச் சுவையோ மணமோ இல்லை. நன்கு பேணப்பட்ட ஹூக்காவில், திறமை மிக்க ஹூக்காபர்தாரின் கைவண்ணத்தில், அது தடையின்றி வாய்க்கு வந்தது. அவர் தீர்த்தவை எசமான் குறைகூறிய பழுதுகள். எசமான் குறைகூறாதது அவர் கைக்கு எட்டவில்லை.

இந்தியாவில் இந்த அறிவுக்கு இன்று வெளிப்படையான இருப்பிடம் இல்லை. கர்நாடகம் 2016இலும் தமிழ்நாடு 2018இலும் தனித்தனியே தடை விதித்திருந்தன. 2019ஆம் ஆண்டுச் சட்டம் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவற்றோடு இருப்பு வைத்தலையும் தண்டனைக்கு உட்படுத்துகிறது. முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு, இருப்பு வைத்தலுக்கு மட்டும் ஆறு மாதமும் ஐம்பதாயிரமும் உச்சவரம்பு. கள்ள வழியில் வரும் கருவியோடு பொறுப்பேற்கும் விற்பனையாளரும் நம்பத்தகுந்த குறிப்பேடும் வருவதில்லை. முத்திரையிடப்பட்ட ஒருமுறைக் கருவியிலோ மாற்றுவதற்குக் காயிலும் இல்லை, பார்ப்பதற்குத் திரியும் இல்லை. திரவம் தீர்ந்து மின்கலம் தீராத கடைசி இழுப்புகளில் பஞ்சு கருகுவதை அறிய நாக்கைத் தவிர வேறு கருவி அவரிடம் கிடையாது.

காயிலை அடிக்கடி மாற்றுவதே கருகலுக்கும் பிசினுக்கும் பொதுவாகச் சொல்லப்படும் தீர்வு. பால்டிமோரில் 56 பேர் தம் அன்றாடப் பயன்பாட்டுக் கருவிகளோடு பங்கேற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு 2018இல் வெளிவந்தது. குப்பியிலிருந்த திரவத்தில் இருந்ததைவிட, அதே திரவம் காயிலைக் கடந்து ஆவியானபின் ஈயம், நிக்கல், குரோமியம் ஆகியவற்றின் அளவு வெகுவாக உயர்ந்திருந்தது. உலோகம் சூடேற்றும் சுருளின் வழியாகவே சேர்ந்தது. காயிலை அடிக்கடி மாற்றியவர்களின் கருவிகளில் அவ்வளவு குறையவில்லை, கூடுதலாகவே காணப்பட்டது. புதிய கம்பியே எளிதில் உலோகத்தை விடுகிறது போலும் என்று ஆய்வாளர்கள் கருதினர். மாற்றியவர்களின் நாக்குக்கு அப்போது கிடைத்தது கருகல் நீங்கிய சுத்தமான சுவை.